பார்க்கின்சன் அறிகுறிக் கேள்வித்தாளைப் போர்த்துக்கீசிய மொழியில் பெயர்த்த பிறகும் ஏன் தனியே சரிபார்க்க வேண்டும்?

இரு மொழிகளும் அறிந்த மருத்துவர் ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாதா, அதற்கு மேலும் நோயாளிகளை வைத்து ஆய்வு நடத்துவது எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். போர்ச்சுகலில் மறுவாழ்வு மருத்துவம் படித்த ஆண்டுகளில், இத்தகைய கேள்வித்தாள் ஒன்றின் முன்சோதனை நேர்காணல்களில் உடனிருந்து குறிப்பெடுத்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பார்க்கின்சன் என்றதும் கைநடுக்கமும் தளர்நடையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் மலச்சிக்கல், மோப்ப உணர்வு குறைதல், எச்சில் ஒழுகுதல், கனவில் காண்பதை உறக்கத்திலேயே கைகால்களை வீசி நடித்தல் போன்றவையும் அந்நோயின் பகுதிகளே. இவற்றை நோயோடு தொடர்பில்லாதவை என்று எண்ணியோ கூச்சப்பட்டோ பலர் மருத்துவரிடம் சொல்வதில்லை. இந்தக் குறையைப் போக்கவே இயக்கம் சாராத அறிகுறிகளுக்கென்று 30 கேள்விகள் கொண்ட ஒரு தாள் 2006-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கடந்த ஒரு மாதத்தில் இந்தத் தொல்லை இருந்ததா என்று அது கேட்கும். நோயாளி ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். ஓர் அறிகுறிக்கு ஒரே கேள்விதான் என்பதால், ஒரு சொல் பிசகினால் அந்த அறிகுறியே தாளிலிருந்து மறைந்துவிடும்.

மலச்சிக்கலையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர் உறவான ‘கொன்ஸ்திப்பசாவ்ன்’ என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியில் உண்டு. பிரேசிலின் மருத்துவ வழக்கில் அது மலச்சிக்கலைக் குறிக்கிறது; போர்ச்சுகலின் அன்றாடப் பேச்சிலோ அது சளி பிடித்திருப்பதைக் குறிக்கிறது. அங்கே மலச்சிக்கலுக்கு மக்கள் சொல்வது ‘ப்ரிசாவ்ன் த வென்த்ர’, அதாவது வயிற்றுச் சிறை. பிரேசிலில் உருவான தாளை அப்படியே லிஸ்பனில் கொடுத்தால், மூன்று நாளாக மலம் கழியாத முதியவர் தமக்குச் சளி இல்லை என்ற நினைப்பில் ‘இல்லை’ என்று குறித்துவிடக்கூடும். இரு நாடுகளுக்கும் தனித்தனிப் பதிப்புகள் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும் என்பது என் கருத்து. கழிப்பறையைக் குறிக்கும் சொல்லும் இரு நாடுகளிலும் வேறுதான்.

2000-இல் வெளியாகிப் பரவலாகப் பின்பற்றப்படும் நெறிமுறை ஒன்றின்படி, இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவப் பின்னணி இல்லாதவராக இருக்க வேண்டும். அவ்விரண்டையும் இணைத்து ஒரே வடிவமாக்கியபின், மூலத்தைப் பார்த்திராத, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் அதை மீண்டும் ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்கிறார்கள். வல்லுநர் குழு எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்த பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை நடக்கிறது. இவற்றில் மறுமொழிபெயர்ப்புக்கே பலரும் பெருமதிப்புத் தருகிறார்கள். எனக்கு அதில் அத்தனை நம்பிக்கை இல்லை. மேற்சொன்ன சொல்லை ஆங்கிலேயர் ஒருவர் திருப்பி மொழிபெயர்த்தால் மூலத்தின் அதே ஆங்கிலச் சொல்லே அவர் கைக்கு வரும் வாய்ப்பு அதிகம். தாளில் எல்லாம் பொருந்திவிடும். பிழை உள்ளேயே தங்கிவிடும்.

ஏற்புடைமையையும் (அளக்க வேண்டியதையே தாள் அளக்கிறதா) நம்பகத்தன்மையையும் (மறுபடி கேட்டாலும் அதே பதில் வருகிறதா) எண்களால் சோதிப்பது இதற்கு அடுத்த கட்டம். நோயின் முழு அளவையும் மதிப்பிடும் பெரிய அளவுகோல் ஒன்றை, 2008-இல் திருத்தி வெளியிட்ட பன்னாட்டு இயக்கக் கோளாறு சங்கம், அதன் ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் அம்மொழி பேசும் குறைந்தது 350 நோயாளிகளைக் கேட்கிறது. கேள்விகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவு ஆங்கில மூலத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடு ஒவ்வொரு பகுதியிலும் 0.90-க்குக் குறையக் கூடாது. ஆம்-இல்லைத் தாளுக்கு இதே வழி முழுதும் ஒத்துவராது. எச்சில் ஒழுகுபவருக்குப் பொருள்கள் இரட்டையாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. எனவே கேள்விகளின் அக ஒருமைப்பாட்டை, அதாவது அவற்றின் பதில்கள் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்பதை, அளக்கும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் குறைந்தால் அதை மொழிபெயர்ப்பின் குற்றமாகக் கொள்ளக் கூடாது. சில நாள் இடைவெளியில் அதே நோயாளியிடம் மறுபடி கேட்டு, இரு பதில்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதைக் கப்பா மதிப்பால் பார்ப்பதே பொருத்தம்.

ஆனால் கப்பாவும் கண்டுபிடிக்க முடியாத பிழை ஒன்றை நான் நேரில் பார்த்தேன். சிறுநீர் முட்டிக்கொண்டு கழிப்பறைக்கு விரைந்து ஓட வேண்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தயக்கமின்றி ‘இல்லை’ என்றார். பதிலுக்குக் காரணம் கேட்பதுதான் முன்சோதனையின் முறை என்பதால் விளக்கச் சொன்னோம். “ஓட எனக்குக் கால் எங்கே இருக்கிறது? அதனால்தான் பகல் முழுவதும் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்” என்றார். மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டிருந்தாலும் அவர் அதே ‘இல்லை’யைத்தான் சொல்லியிருப்பார்; இரு பதில்களும் முழுமையாக ஒத்துப்போயிருக்கும். அவருடைய தொல்லையோ எந்தப் பதிவிலும் ஏறியிருக்காது.

குழுவினர் ‘விரைந்து ஓட’ என்பதை நீக்கி, ‘சிறுநீரை அடக்க முடியாமல் உடனே போயாக வேண்டும் என்ற உணர்வு’ என்று அமைத்தார்கள். அதே அம்மையாரிடம் படித்துக் காட்டியபோது, “ஒவ்வொரு நாளும்” என்றார்.