அகழியைத் தூர்வாரலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் இடைக்காலக் கோட்டை இருந்ததாகச் சொல்லப்படும் சில இடங்களில் கல்லே இல்லை. சதுரமாக ஒரு பள்ளம், நடுவில் புல்மேடு, அவ்வளவுதான். கோட்டைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அகழி இருப்பதாலேயே கோட்டை என்று சொல்லிவிட முடியாது. அந்நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் சுமார் 6,000 உள்ளன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையில், வசதியுள்ள நிலக்கிழார்கள் தங்கள் வீட்டைச் சுற்றி வெட்டியவை. காவலைவிடக் கௌரவமே அங்கே பெரிது. கூடவே மீனும் கிடைத்தது.

கோட்டை என்றால் மதில், கோபுரம், வாயில் ஆகியவற்றின் தடம் வேண்டும். கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் அடித்தளத்துக்கு வெட்டிய பள்ளம் மண்ணுக்குள் இருக்கும். மழையில்லாத கோடையில் பாருங்கள்: புதைந்த சுவரின் மேல் புல் முதலில் வெளிறும், தூர்ந்த பள்ளத்தின் மேல் பச்சை நீடிக்கும். மாலைச் சாய்வெயிலில் அரையடி மேடுகூட நிழலால் தெரிந்துவிடும். மண்ணின் மின்தடையை அளந்தால் சுவர் உள்ள இடத்தில் தடை கூடும், ஈர வண்டலில் குறையும். அளக்கும் கருவியின் கம்பிகளை அரை மீட்டர் இடைவெளியில் ஊன்றினால் ஏறத்தாழ முக்கால் மீட்டர் ஆழம்வரைதான் பிடிபடும். அகழியின் அடி பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், அளவீட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: சேறும் நாணலும் மண்டிய அகழியைத் தூர்வாரி, தெளிந்த நீர் நிரப்பினால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தச் சேறுதான் அந்த இடத்தின் ஆவணம். காற்றுப் புகாத ஈரத்தில் மரம், தோல், விதை, மகரந்தம் எல்லாம் பல நூற்றாண்டுகள் கெடாமல் கிடக்கும். தென் இங்கிலாந்தின் சசெக்ஸில் 1385-இல் அனுமதி பெற்றுக் கட்டப்பட்ட போடியம் கோட்டையின் அகழியில், 1970-இல் நடந்த ஆய்வில் பழைய மரப்பாலத்தின் அடிக்கட்டைகள் கிடைத்தன. பாலம் எந்தப் பக்கம் எப்படி வந்தது என்பதை மதிலை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

நீரை வடித்துவிட்டாலும் சேதம்தான். காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். நீரில் ஊறிக் கிடந்த மரம் உலரும்போது சுருங்கி வெடிக்கும். அதனால் மரம் தட்டுப்பட்டால் வெளியே இழுக்காதீர்கள். ஈரமாகவே மூடி வைத்து, தொல்லியலாளரை அழையுங்கள். நாணலை வெட்டுவதானால் நீர்மட்டத்துக்கு மேலே வெட்டுங்கள், வேரைப் பிடுங்க வேண்டாம். கரையில் முளைக்கும் மரக்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே தரையை ஒட்டி அறுத்துவிடுங்கள். பெரிய மரம் சாய்ந்தால் கரையையே பெயர்த்துக்கொண்டு விழும்.

கேள்வி: உலோகம் தேடும் கருவியோடு போகலாமா?

பதில்: பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலில் இருந்தால் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். நில உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது.