இராஜதந்திர மொழியால் நாடுகளுக்கிடையே உண்மையில் ஏதாவது மாறுமா, இல்லை வெறும் சொல் விளையாட்டா?

மாறும். ஆனால் நாங்கள் சண்டை பிடிக்கிற சொல்லில் இல்லை. பெரும்பாலும் வாக்கியத்தின் வினைச்சொல்லில்தான் விஷயம் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் சில வருடங்கள் இரவு வேலை பார்த்தேன். ஜெனீவாத் தீர்மானங்களைத் தமிழாக்குவது என் தலையில் விழுந்த வேலை. 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றிய 30/1 தீர்மானத்தை வாக்கெடுப்பில்லாமல் நிறைவேற்றியது. இலங்கை அரசே அதற்கு இணை அனுசரணை, அதாவது முன்மொழிந்த நாடுகளோடு சேர்ந்து நின்றது. ஊரில் ஒரே கேள்வி: போர்க்கால மீறல்களை விசாரிக்க வெளிநாட்டு நீதிபதிகள் வருவார்களா?

ஆறாம் பந்தியை நாலு தடவை வாசித்தேன். பொதுநலவாய நாட்டு நீதிபதிகள், மற்ற வெளிநாட்டு நீதிபதிகள், சட்டத்தரணிகள், விசாரணையாளர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆனால் வினை என்ன? 'இலங்கையின் நீதிப் பொறிமுறையில்' அவர்கள் பங்கேற்பதன் 'முக்கியத்துவத்தை உறுதிப்படுத்துகிறது'. அவ்வளவுதான். பங்கேற்பார்கள் என்று இல்லை. எத்தனை பேர், யார் நியமிப்பது என்றும் இல்லை. அப்படியே தமிழாக்கிக் கொடுத்தேன். "தம்பி, இதைச் சனம் வாசிக்காது" என்றார் மேசையில் இருந்த அண்ணை. அடுத்த நாள் எங்கள் தலைப்பில் நீதிபதிகள் விமானமே ஏறிவிட்டார்கள். கொழும்பிலோ அதே பந்தியைக் காட்டி, இது முழுக்க உள்நாட்டுப் பொறிமுறை என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. வாக்கெடுப்பில்லாமல் ஒரு உரை நிறைவேற வேண்டுமென்றால், இரண்டு தரப்பும் அதை ஊருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த மங்கல் கவனக்குறைவு இல்லை, அது வேலைத்திறன். 2020 பெப்ரவரியில் இலங்கை அரசு இணை அனுசரணையில் இருந்தே விலகியது.

உலகத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் 1967 நவம்பரில் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம். அந்த வருடப் போரில் இஸ்ரேல் 'ஆக்கிரமித்த பிரதேசங்களில் இருந்து' விலக வேண்டும் என்பதில், ஆங்கில உரையில் பிரதேசங்களுக்கு முன்னால் 'the' என்ற சுட்டு இல்லை. பிரெஞ்சு உரையில் அதற்கு இணையான சுட்டு இருக்கிறது. எல்லாப் பிரதேசங்களிலும் இருந்தா, சிலவற்றில் இருந்து மட்டுமா என்று இன்றைக்கும் வாதம். (தமிழில் அப்படி ஒரு சுட்டு இல்லாததால், தமிழில் போட்டால் இந்தச் சண்டையே மறைந்துவிடும். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை.)

எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு சொல் உண்டு. 1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சில் தமிழ்த் தரப்பு 'தாயகம்' என்ற அங்கீகாரத்தைக் கேட்டது. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வந்தது, வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் 'வரலாற்று வாழ்விடங்கள்' என்பது. தாயகம் என்றால் உரிமை கேட்கலாம். வாழ்விடம் என்றால் இருந்தோம் என்று சொல்லலாம். அதுவும் போதாமல், மற்ற இனத்தவரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று அதே வாக்கியத்தில் ஒரு கடிவாளம். 2002 டிசெம்பரில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் பேசிய பிறகு வந்த ஒஸ்லோ அறிக்கையிலும் அதே வாழ்விடங்கள் திரும்ப வந்தன, கூடவே 'சமஷ்டி'யும், அதாவது கூட்டாட்சியும். சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் அதிலேயே நின்றுவிட்டோம். ஆனால் அந்த வாக்கியத்தின் வினை 'ஆராய்வது'. ஆராய்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாமே.

சரி, பலமான வினை வந்தால்? 2021 மார்ச்சில் அதே மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானம் வந்தது. 22 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, இந்தியா உட்பட 14 நாடுகள் வாக்களிக்கவில்லை. 11ஐயும் 14ஐயும் கூட்டி 25 என்று கொழும்பில் வெற்றிக் கணக்குச் சொன்னார்கள். இங்கே தேத்தண்ணிக் கடையில் இந்தியா கைவிட்டுவிட்டது என்று கொதித்தார்கள். அந்தத் தீர்மானத்திலும் ஆறாம் பந்திதான். மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் தகவல்களையும் சான்றுகளையும் திரட்டி, ஆய்ந்து, பாதுகாக்கும் திறனை வலுப்படுத்த பேரவை 'தீர்மானிக்கிறது' என்று இருந்தது. முக்கியத்துவத்தை உறுதிப்படுத்துவது இல்லை, தீர்மானிப்பது. அதற்கு ஆளும் காசும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கினார்கள், ஜெனீவாவில் வேலையும் தொடங்கியது.

அதற்குத் தலைப்புப் போட்ட ஒரு பத்திரிகையும் என் கண்ணில் படவில்லை.