ஸ்கேன் நார்மல், ஆனால் கை வரவில்லை

கே: மகளுக்கு 19 வயது. தலைவலியோடு வலது கை, கால் மூன்று மணி நேரம் அசையவில்லை. பக்கவாதம் என்று சேர்த்தார்கள், ஸ்கேனில் ஒன்றுமில்லை, மறுநாள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். மனசுப் பிரச்சினை என்கிறார்களே?

ப: ஸ்கேன் சுத்தமாக இருந்தால் உடனே 'மனசு' என்று எழுதிவிடுவது எங்கள் தொழிலின் பழைய சோம்பேறித்தனம், நானும் செய்திருக்கிறேன். ஹெமிப்லீஜிக் மைக்ரேன் என்று அரிய வகை ஒற்றைத் தலைவலி ஒன்று உண்டு. ஒரு பக்கக் கை கால் பலமிழந்து பிறகு முழுசாகத் திரும்பிவிடும். அதை நேரடியாகக் காட்டும் ஸ்கேன் கிடையாது, எடுப்பதெல்லாம் மற்ற நோய்களை விலக்கத்தான். மிச்சம் முழுக்க நீங்கள் சொல்லும் விவரத்தில்தான் இருக்கிறது. பக்கவாதத்தில் பெரும்பாலும் கை சட்டென்று விழும். இதில் கண்ணில் மினுமினுப்பு, விரலில் மரமரப்பு, அது மெல்ல முகத்துக்கு ஏறி, அப்புறம் பேச்சுக் குழறல் என நிமிடக் கணக்கில் ஊர்ந்து வரும். குறைந்தது 2 முறை வந்தால்தான் இந்தப் பெயரையே வைப்போம். அதனால் எது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று இப்போதே எழுதி வையுங்கள், மறுபடி வந்தால் செல்போனில் வீடியோவும் எடுங்கள்.

கே: அப்படியென்றால் அடுத்த முறை வீட்டிலேயே படுத்திருக்கலாமா?

ப: கூடவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், வீடியோவை ஆம்புலன்சில் எடுத்துக்கொள்ளலாம். நிஜமாகவே பக்கவாதமாக இருந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு.

கே: எனக்கு இந்த நோய் இருக்கலாம் என்கிறார்கள். ஜீன் பரிசோதனை செய்தால் உறுதியாகிவிடுமா?

ப: பாசிட்டிவ் வந்தால் பெரிய உதவி. சிஏசிஎன்ஏ1ஏ, ஏடிபி1ஏ2, எஸ்சிஎன்1ஏ என்று மூன்று ஜீன்களைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமலும் வரும். பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். "பாட்டிக்குப் பாரிச வாயு வந்து ரெண்டு நாளில் தானாகப் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வரியை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கே: மெடிக்கலில் சுமட்ரிப்டான் என்ற மைக்ரேன் மாத்திரை வாங்கிப் போடலாமா? தோழிக்கு நன்றாகக் கேட்கிறது.

ப: தோழிக்கு இருப்பது சாதாரண மைக்ரேனாக இருக்கும். கை கால் விழும் வகைக்கு, சுமட்ரிப்டான் உட்பட டிரிப்டான் வகை மாத்திரைகள் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.