ஏற்காட்டில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலத்தில் ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அக்டோபர் மாத வனவிலங்கு வாரத்துக்காக எங்கள் காம்பவுண்டு சுவரில் படம் வரையச் சொன்னோம். பெயிண்டர் ஒரு புலி, ஒரு பாண்டா, ஒரு பென்குவின் வரைந்து கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “மிஸ், இதெல்லாம் நம்ம ஏற்காட்டுல இருக்கா?” என்று கேட்டான். இல்லை என்றேன். “அப்போ ஏற்காட்டுல எதைக் காப்பாத்தணும்?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கம்பீரமான நாலு விலங்குகளை மட்டும் காட்டிக் காட்டைக் காப்பாற்றச் சொல்வது மற்ற உயிர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? சுவரின் மறுபக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் என்ன வரையலாம்?

ப., அஸ்தம்பட்டி

*

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. அந்தப் பையனின் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவனுக்குப் பதில் சொல்லும் முன் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் புலியை வெள்ளையடித்து மறைத்துவிடாதீர்கள். புலியைக் காட்டித்தான் இந்த நாட்டில் பெரும் காடுகள் பிழைத்தன. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்பது காப்பகங்களோடு தொடங்கியது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாகக் களக்காடு முண்டந்துறை 1988-ல் வந்தது. அந்தக் காட்டிலிருந்துதான் தாமிரபரணி இறங்கி வருகிறது. புலிக்காக வேலி கட்டிய இடத்தில் ஆறு தப்பித்தது, ஆற்றோடு திருநெல்வேலிப் பக்கத்து வயல்களும் தப்பித்தன. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவின் குறுக்கே அணை கட்டப் போனபோது சனங்களின் மனதில் நின்றது சோலைமந்தியின் முகம். 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது, அடுத்த வருடம் அது தேசியப் பூங்கா ஆனது. அந்த மந்தியின் பேரைச் சொல்லி எத்தனை தவளை, எத்தனை பூச்சி, எத்தனை மரம் பிழைத்திருக்கும்! முகம் இருக்கிற ஒரு விலங்கைக் காட்டி மனிதரை இரங்க வைப்பதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. பாண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961-லிருந்து உலகத்துக்கே வனவிலங்குப் பாதுகாப்பின் அடையாளம் அதுதான். சீனா அதற்காக ஏராளமான காப்பகங்களை உண்டாக்கியது, பாண்டாவும் மெல்லத் தேறியது. 2020-ல் அந்தக் காப்பகங்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 81 சதவீதக் காப்பகங்களில் சிறுத்தை இல்லாமல் போயிருந்தது. செந்நாய் 95 சதவீதக் காப்பகங்களில் இல்லை. ஒரு பாண்டாவுக்குச் சில சதுர கிலோமீட்டர் மூங்கில் காடு போதும். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அதைப்போலப் பல மடங்கு பரப்பு வேண்டும். ஒருவர் அளவுக்குப் பிடித்த குடைக்குள் ஊரே நிற்க முடியுமா?

இப்போது நம் மலைக்கு வருவோம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் இன்று புலி கிடையாது. புலி இல்லாத மலையின் அடிவாரத்தில் புலிப் படத்தை மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளை, காடு என்றால் வேறு எங்கோ இருப்பது என்றுதான் நினைக்கும். ஏற்காட்டில் என்ன இருக்கிறது என்று சேலத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இருபது ஹேர்பின் வளைவு, ஏரி, போட் ஹவுஸ், மிளகாய் பஜ்ஜி என்பார்கள். மலையில் உயிர் எதுவும் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

ஆகவே மறுபக்கச் சுவரில் காட்டெருமையை வரையுங்கள். சேர்வராயனுக்கு அதைவிடப் பொருத்தமான முகம் வேறு இல்லை. நன்கு வளர்ந்த ஆண் ஒரு டன்னைத் தொடும். முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டது போல இருக்கும். பிள்ளைகளுக்கு அது ஒன்று போதும், வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். அதற்குச் சரிவுக் காடு வேண்டும், புல் வேண்டும், கோடையில் வற்றாத ஓடை வேண்டும். காட்டெருமை பிழைக்க வேண்டுமென்றால், மாசி பங்குனியில் அடிவாரச் சரிவில் வைக்கிற தீயை நிறுத்தியாக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். படத்தில் காட்டெருமை மட்டும் தனியாக நிற்க வேண்டாம். பக்கத்தில் காபி பறிக்கிற ஒரு அம்மாவையும் வரையுங்கள். சுவரில் அது சாதுவான பிராணி. விடியற்காலைப் பனியில், தோட்டத்துக்குப் போகிற வழியில் பத்தடி தூரத்தில் நிற்கும்போது அப்படி இல்லை. அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பது கீழே இருக்கிற நாம். அதோடு கூடவே பயந்து வாழ்வது மேலே இருக்கிறவர்கள். அவர்கள் இல்லாத படம் அவர்களுக்கு எதிரான படமாகிவிடும்.

அப்புறம், காட்டெருமையின் குளம்புக்குக் கீழே கொஞ்சம் மண்ணையும் வரையச் சொல்லுங்கள். அந்த மண்ணுக்குள் ஒரு பாம்பு.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தார் ரோட்டின் ஓரத்தில், கனத்த பென்சில் மாதிரி, ஒன்றரை சாண் நீளத்தில் ஒன்று நெளிந்தது. தலை கூராக, மண்ணைத் துளைப்பதற்கென்றே செய்தது போல. வெயில் பட்டதும் உடம்பு முழுக்க எண்ணெய் பூசியது போல வானவில் நிறம் மினுங்கியது. வால் நுனியோ சாய்வாக வெட்டி விட்டது போல இருந்தது, வெட்டிய இடத்தில் ஒரு துண்டு ஈரமண் அப்பியிருந்தது. தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, “தொடாதீங்க சார், ரெட்டத்தலைப் பாம்பு. நக்குனா குஷ்டம் வந்துரும்” என்று மண்வெட்டியை ஓங்கினார். நான் குறுக்கே நின்றுகொண்டு, இதற்கு விஷம் இல்லை, மண்புழு தின்கிற பாம்பு, வாலைத்தான் தலை என்று நினைக்கிறோம் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. மண்வெட்டி இறங்கவில்லை. பாம்பை ஒரு இலையில் ஏந்தி ஓரத்துச் சருகில் விட்டதும், கண் இமைக்கும் நேரத்தில் மண்ணுக்குள் போய்விட்டது. வாலில் அப்பிய மண் கடைசியாக, ஒரு மூடி மாதிரி துளையை அடைத்தது.

அது கேடயவால் பாம்பு. 1863-ல் பெட்டோம் என்ற ஆங்கிலேயர் இந்த இனத்தை முதலில் விவரித்து, ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார். அப்புறம் வெகுகாலம் அதை வேறொரு இனத்தோடு சேர்த்தே எண்ணினார்கள். 2014-ல்தான் தனி இனம் என்று மறுபடி நிறுவினார்கள். அதன் வீடு சேர்வராயன் மலை மட்டும்தான். புலி பதினெட்டு மாநிலங்களில் காப்பகம் வைத்து வாழ்கிறது. இந்தப் பாம்புக்கு இருப்பது இந்த ஒரு மலை. இங்கே போனால் உலகத்திலேயே போனது.

காட்டெருமையின் குடை இதற்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். உண்ணிச்செடி மண்டிய சரிவிலும், சில்வர் ஓக் மட்டும் நிற்கிற தோட்டத்திலும்கூடக் காட்டெருமை மேய்ந்துவிட்டுப் போகும். பாம்புக்கு நிழல் வேண்டும், மக்கிய சருகு வேண்டும், மண்புழு வாழ்கிற ஈரமண் வேண்டும். ரிசார்ட்டுக்காக ஜேசிபி ஒரு மேட்டைச் சமப்படுத்தினால் காட்டெருமை அடுத்த மேட்டுக்குப் போகும். இது எங்கே போகும்? அதனால்தான் இரண்டையும் ஒரே படத்தில் கேட்கிறேன். காட்டெருமையைப் பார்க்க நிற்கிறவர் கண் கீழே இறங்கி மண்ணுக்குள்ளும் போகட்டும்.

இடம் மிச்சம் இருந்தால் பாறையில் ஒரு சின்னப் பல்லி. விரல் நீளம்தான். 2000-ல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகமானபோது அதன் பெயரிலேயே ஏற்காட்டைச் சேர்த்துவிட்டார்கள்.

பெயிண்டர் வேண்டாம், பிள்ளைகளே வரையட்டும். பாம்பை வரையும் வேலையை அந்தப் பையனுக்குக் கொடுங்கள். வாலில் மண் அப்பியிருக்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை மலைக்கு அழைத்து வாருங்கள், நானும் வருகிறேன். வேன் ஓட்டுகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கோயில் சாலையில் மெதுவாக, ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். மழை விட்ட காலையில்தான் அவை வெளியே வரும்.

அன்புடன்.