1871ஆ 1889ஆ? இரண்டும் சரிதான்

லண்டன் மின் பொறியாளர் சங்கம் தொடங்கியது 1871 என்று ஒரு நூலும் 1889 என்று இன்னொரு நூலும் சொல்கின்றன, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். தொடங்கிய ஆண்டாக 1871 என்றே எழுதுங்கள். 1889, அதன் பெயர் மாறிய ஆண்டு.

1871 மே மாதம் அது பிறந்தபோது ‘தந்திப் பொறியாளர் சங்கம்’. அன்று மின்சாரத் தொழில் என்றாலே பெரும்பாலும் தந்திதானே! முதல் தலைவர் வில்லியம் சீமென்ஸ். மின்விளக்கும் டைனமோவும் வந்ததும் பழைய பெயர் பற்றவில்லை. 1880இல் ‘மின்னியலாளர்’ சேர்ந்தது, அப்புறம் ‘தந்தி’யே போய்விட்டது.

உங்களிடம் உள்ள பழைய சங்க இதழின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். ‘தந்தி’ இருந்தால் 1889க்கு முந்தையது.

ஒன்று மட்டும்: 1884 என்று கண்டால் குழம்ப வேண்டாம். அது அமெரிக்க மின் பொறியாளர் சங்கம் தொடங்கிய ஆண்டு, வேறு கதை. பெயர் மாற்றத்துக்குச் சிலர் 1888 என்பார்கள். முடிவெடுத்தது அப்போது, நடைமுறைக்கு வந்தது 1889 ஜனவரியில்.