படித்துக் காட்டச் சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூர் என்னுடையது. வயது 23. ஆகஸ்ட் 15 அன்று முதல்முறையாக எங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போனேன். பாதிக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வயதுப் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை. தொட்டியை எப்போது திறக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் வருகிறது என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் கூட்டத்தில் பேசவில்லை. நம் கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்றே தோன்றுகிறது. அவர்களையும் இளைஞர்களையும் எப்படி உள்ளே கொண்டுவருவது? வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா? அடுத்த தேர்தலில் நானே நிற்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் என் அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் உன் மாவட்டத்துக்காரர்தான். அவரிடம் போவதற்கு முன், ஒரு சொல்லுக்காக உன்னைக் கடிந்துகொள்ள வேண்டும்.

விழிப்புணர்வு இல்லை என்று எப்படி எழுத மனம் வந்தது உனக்கு? தொட்டி திறக்கும் நேரத்தையும் தெருவுக்குத் தெரு ஓடும் தண்ணீரையும் மனத்தில் வைத்திருக்கும் ஒருத்திக்கு விழிப்பு இல்லையென்றால் அந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? உள்ளூரில் எது கெட்டாலும் பழியை அம்மாக்களின் தலையில் இறக்கிவைக்க வசதியான சொல் அது. மேடையில் இருப்பவர்கள் சொல்லட்டும், நீ சொல்லாதே. அம்மா ஏன் பேசவில்லை என்று அவரிடமே கேட்டாயா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

தேர்தலில் தாராளமாக நில். 21 வயது நிறைந்திருந்தால் போதும். 2016-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்குத்தான். வாட்ஸ்அப் குழு வேண்டுமானால் அதையும் தொடங்கிக்கொள்.

இனி அத்தை. 1990-களின் தொடக்கத்தில் உன் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை வீட்டில் சொல்லியிருப்பார்கள். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம். முப்பது வயதைத் தாண்டிய அத்தை இரண்டையும் கற்றார். 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் அதன்படி முதல் தேர்தல் நடந்தது. அப்போது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். அத்தை வார்டு உறுப்பினர் ஆனார்.

கையெழுத்துப் போடுவதில் அவருக்கு அவ்வளவு ஆனந்தம். ஊராட்சியின் முடிவுகளை எழுதிவைக்கும் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கே வரும். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதுவார். சில நாள் கையெழுத்துக்கு மேலே பக்கம் வெறுமையாக இருக்கும். அதன் ஆபத்து அவருக்குத் தெரியாது. கைநாட்டு வைத்த பெண்ணுக்குக் கையெழுத்து வந்துவிட்டது, அதுவே அவருக்குப் பெரிது.

ஒரு கோடையில் எங்கள் தெருவுக்கு வரவேண்டிய அடிபம்பு வேறு தெருவில் இறங்கியது. தெருப்பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். அத்தை அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கேட்டார். "நீதானே கையெழுத்துப் போட்டாய்" என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. அடுத்த முறை புத்தகம் வந்தபோது அத்தை என்னைக் கூப்பிட்டார். அச்செழுத்தை அவர் கூட்டிப் படித்துவிடுவார். எழுத்தரின் கூட்டெழுத்துத்தான் பிடிபடாது. "சத்தமாகப் படி" என்றார். 'மேற்படி பணியினை மேற்கொள்ள மன்றம் ஒப்புதல் அளிக்கிறது' என்ற இடத்தில் எனக்கு நாக்குத் தடுமாறியது. வந்தவர் அவசரம் என்று புத்தகத்தை இழுத்தார். அத்தை அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, "பிள்ளை முடிக்கட்டும்" என்றார். எந்தப் பணி, எந்தத் தெரு, எவ்வளவு தொகை என்று நான் மூன்று முறை படித்த பிறகே பெயரை எழுதினார். அடுத்தடுத்த முறைகளில் பக்கத்து வீட்டுப் பெண்களும் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். ஆறு மாதத்துக்குள் புத்தகம் வீட்டுக்கு வருவது நின்றது. கூட்டத்துக்கு வரச்சொல்லித் தாக்கீது வந்தது. அத்தை சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உன் ஊரில் அன்று கூடிய பெண்களிடமும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் சொன்ன ஒரு சொல்லாவது இருக்கிறதா? அதைப் பார்த்தாயா நீ? ஆளைக் கூட்டுவது எப்படி என்று என்னிடம் கேட்கிறாய். ஆள் வந்து உட்கார்ந்துதான் இருக்கிறது. எழுதுவதுதான் நடக்கவில்லை.

உங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. 2016-லிருந்து 2019 வரையும் இப்படித்தான் தேர்தல் இல்லாமல் கிடந்தது. தலைவரும் உறுப்பினரும் இல்லாத நாளில் ஊராரின் பேச்சு எழுத்தில் ஏறுவதற்குக் கிராம சபையை விட்டால் வேறு இடம் ஏது?

ஆகவே அம்மாவை உட்காரவைத்து அந்தத் தண்ணீர்க் கணக்கைக் கேள். அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுது. திருத்தாதே, அழகுபடுத்தாதே. எட்டிப் பார்த்துவிட்டுப் போன பையன்களில் இரண்டு பேரைப் பிடித்து, தொட்டி திறக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவரச் சொல். கூட்டத்தில் அம்மா பேசட்டும். பேசியதும் அதைத் தீர்மானமாக எழுதச் சொல், எழுதியதை எல்லோருக்கும் கேட்கப் படிக்கச் சொல். "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால் இடத்தை விட்டு எழுந்திருக்காதே. படிக்கும்போது தெருவின் பெயர் இருக்கிறதா, 'ஆவன செய்யப்படும்' என்று மழுப்பியிருக்கிறதா என்று கவனி. தீர்மான எண்ணைக் குறித்துக்கொள். எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் அதில் குறுக்கே ஒரு கோடு போடச் சொல். அந்த அடிபம்புக்குப் பிறகு அத்தை அந்தக் கோட்டைப் போடாமல் எந்தப் பக்கத்திலும் கையெழுத்திட்டதில்லை, பதவியில் இருந்த கடைசி நாள்வரை.

அக்டோபர் 2 அன்று கூட்டம் இருக்கும். முடிந்ததும் எனக்கு எழுது. எத்தனை பேர் வந்தார்கள் என்பது வேண்டாம். அம்மா சொன்னது என்ன வாசகமாகப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்பதை வரி பிசகாமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா