கல்லூரி நூலகம் வரைவது: கேள்விகளும் பதில்களும்

கட்டடக்கலைத் தொழிலில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக்குமேல் நூலகங்கள்தான். சில நன்றாக வந்தன. ஒன்றை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது, அந்தக் கதையும் கீழே வரும். மாணவர்கள், நூலகர்கள், கட்டடக் கமிட்டியில் மாட்டிக்கொண்ட பேராசிரியர்கள் என்று பலரும் கேட்டவற்றில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டேன்.

சார், நான் கட்டடக்கலை இறுதியாண்டு. ஆய்வுத் திட்டமாகக் கல்லூரி நூலகத்தை எடுத்திருக்கிறேன். திறந்த புத்தகம் போல வெளித்தோற்றம் யோசித்து வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்வது?

தம்பி, அந்தப் புத்தக வடிவத்தைக் கொஞ்ச நாள் மேசை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். வருடா வருடம் யாராவது ஒருவர் அதை வரைகிறார்.

முதலில் ஒரே ஒரு நாற்காலியை வரையுங்கள். அதில் உட்கார்ந்தவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, முதுகுக்குப் பின்னால் சுவரா நடைபாதையா, நிமிர்ந்தால் கண்ணில் என்ன படும், பையை எங்கே வைப்பார்? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு அந்த நாற்காலியை ஐந்நூறாகப் பெருக்குங்கள். ஒருவருக்கு மேசை, நாற்காலி, சுற்றி நடக்கும் இடம் எல்லாம் சேர்த்து இரண்டரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான், அங்குள்ள எக்ஸெட்டர் பள்ளியின் நூலகத்தை இப்படித்தான் யோசித்தார். அது 1971-ல் முடிந்தது. வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மரத்தாலான தனிமேசைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே கண் மட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குச் சொந்தமாக ஒரு மரக்கதவு. வெயில் உறுத்தினால் உட்கார்ந்திருப்பவரே சாத்திக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். மேலே பெரிய ஜன்னல் மொத்தக் கூடத்துக்கும் வெளிச்சம் தருகிறது. புத்தகங்கள் உள்ளே, நிழலில். எல்லாரும் படம் எடுப்பது நடுக்கூடத்தின் பெரிய வட்டத் துளைகளை. நான் மாணவர்களிடம் காட்டுவது அந்த மரக்கதவை.

உங்கள் கல்லூரி நூலகத்திலேயே ஒரு வாரம் போய், எந்த இருக்கை முதலில் நிரம்புகிறது என்று குறித்து வையுங்கள். மூலையும் சுவரோரமும் முதலில் போகும். கூடத்தின் நட்டநடுவில் இருக்கும் மேசை கடைசியில்தான். ஆனால் பெரும்பாலான வரைபடங்களில் நடுவில்தான் மேசைகளைக் கொட்டி வைத்திருப்பார்கள்.

எங்கள் முதல்வருக்கு உள்ளே நுழைந்ததும் நான்கு மாடி உயரத்துக்கு வெட்டவெளிக் கூடம் வேண்டுமாம். கமிட்டியில் எனக்கு மட்டும் தயக்கம். தயங்குவது சரியா?

சரிதான். நான் கூசிப்போன கதை இதுதான்.

ஒரு கல்லூரிக்கு இதே மாதிரி உயரமான கூடம் வரைந்தேன். மேலே கண்ணாடிக் கூரை, சுற்றிலும் திறந்த மாடிகள், கீழே ஒரு காபி கவுன்டர். திறப்பு விழா அன்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய் மூன்றாவது மாடியில் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தேன். கீழே காபி இயந்திரம் நீராவி விடும் ‘புஸ்ஸ்’ சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கவுன்டரில் யாரோ சில்லறை எண்ணுவதுகூடக் கேட்டது. எதிரில் இருந்த பெண் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

காரணம் எளிது. கண்ணாடி, கிரானைட், பூசிய சுவர் மூன்றுமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. இவற்றால் ஆன உயரமான கூடம் ஒரு கிணறு மாதிரி. பிறகு மேல் இரண்டு மாடிகளுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டோம். சுவர்களில் துளையிட்ட மரப்பலகை, அதன் பின்னால் ஒலியை உறிஞ்சத் தாதுப் பஞ்சு (மினரல் ஊல்). (இதைக் கல்நாரோடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸோடு, குழப்பிக்கொள்ளாதீர்கள், அது உடம்புக்குக் கேடு.) கவுன்டர் வெளியே போனது. ஓரளவு சரியானது. முழுதாகச் சரியாகவில்லை.

கூடம் வேண்டாம் என்று முதல்வரிடம் சொன்னால் எடுபடாது. சத்தத்தை அடுக்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள். கீழ்த்தளத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் கவுன்டர், குழுவாகப் பேசிப் படிக்கும் அறைகள், அச்சுப்பொறி. மேலே போகப் போக அமைதி. உச்சி மாடியில் பேச்சே கூடாது, அந்த மாடி கூடத்துக்குத் திறக்கவும் கூடாது. கூடம் இரண்டு மாடியோடு நின்றால் முதல்வருக்கும் புகைப்படம் கிடைக்கும்.

வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டால் பகலில் மின்விளக்குச் செலவு மிச்சம்தானே?

விளக்கில் மிச்சம் பிடித்ததை ஏசியில் விடுவீர்கள். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். நேரடி வெயில் அதைப் போலப் பல மடங்கு. மேற்குப் பார்த்த கண்ணாடி ஓரம் பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்து பாருங்கள்: புத்தகத்தின் பக்கத்தில் பாதி வெயிலில் எரிகிறது, பாதி இருட்டு, லேப்டாப் திரையில் உங்கள் முகம்தான் தெரிகிறது. ஒரு நூலகத்தில் மாணவர்களே கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தைப் பற்றி அதைவிடத் துல்லியமான விமர்சனம் யாரும் எழுத முடியாது.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ஸ்டிர்லிங் கட்டிய வரலாற்றுத் துறைக் கட்டடம் 1968-ல் முடிந்தது. வாசிப்புக் கூடத்துக்குக் கண்ணாடிக் கூடாரம் போலக் கூரை. கோடையில் வேகும், குளிர்காலத்தில் விறைக்கும், மழையில் ஒழுகும். இடித்துவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போனது. கல்லூரி நூலகம் இல்லை என்றாலும் பாரிஸில் 1996-ல் திறந்த பிரான்ஸ் தேசிய நூலகத்தையும் சொல்ல வேண்டும். புத்தகங்களைக் கண்ணாடிக் கோபுரங்களில் ஏற்றி, வாசகர்களைக் கீழே உட்கார வைத்தார்கள். அப்புறம் வெயிலிலிருந்து புத்தகத்தைக் காப்பாற்றக் கண்ணாடிக்குப் பின்னால் மரத்தடுப்புகள் வைக்க வேண்டியதாயிற்று.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் ஊர் என்றால் வடக்குப் பார்த்த ஜன்னல் உங்கள் நண்பன். தெற்குக்கு மேலே நீட்டிய சன்ஷேடு போதும். மேற்கில் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை என்று வரிசையாக வைத்து அடைத்துவிடுங்கள்.

புத்தகங்களின் எடையைக் கணக்கில் எடுக்க மறந்ததால் ஒரு பல்கலைக்கழக நூலகம் வருடம் சில அங்குலம் புதைந்துகொண்டே போகிறதாமே, உண்மையா?

இந்தக் கதை எத்தனை கல்லூரிகளில் சொல்லப்படுகிறது தெரியுமா? ஒவ்வொரு இடத்திலும் ‘எங்கள் நூலகம்தான் அது’ என்பார்கள். கட்டுக்கதை. கட்டடத்தின் சொந்த எடைக்கு முன்னால் புத்தக எடை ஒன்றும் தலைபோகிற விஷயம் இல்லை. அஸ்திவாரம் புதைய வேண்டுமென்றால் மண்ணில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

ஆனால் கதைக்குள் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. அஸ்திவாரத்தை விட்டுவிட்டுத் தளத்தைப் பாருங்கள். வாசிப்புக் கூடத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்கு நிற்கும் இடத்துக்கு 700 கிலோ அளவில் வேண்டும். இருபக்கமும் ஆறு தட்டு உள்ள 90 செ.மீ. ரேக் ஒன்றில் புத்தகம் நிரப்பினாலே முந்நூறு கிலோ. தண்டவாளத்தில் நகரும் நெருக்கடுக்கு என்றால் 1,200 கிலோவும் அதற்கு மேலும் போகும். பழைய வகுப்பறைக் கட்டடத்தை ‘நூலகமாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் முதலில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

தூண் இடைவெளி எவ்வளவு?

7.2 மீட்டர் எனக்குப் பிடிக்கும். ஒரு திசையில் 90 செ.மீ. தட்டு எட்டு அடங்கும். குறுக்கே 1.44 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து ரேக் வரிசை. தூண் எப்போதும் ரேக் வரிசைக்குள்ளேயே விழும், நடைபாதையில் முளைக்காது. கீழே கார் நிறுத்தம் வைத்து அதன் கணக்கில் தூண் போட்டால் மேலே புத்தகம் தத்தளிக்கும்.

எல்லாம் டிஜிட்டல் ஆன பிறகு புத்தகத்துக்கு இவ்வளவு இடம் எதற்கு?

பாதி சரி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மான்சுவெட்டோ நூலகம் 2011-ல் வந்தது. 35 லட்சம் தொகுதிகள் கொள்ளும் கிடங்கு நிலத்தடியில், இயந்திரக் கை எடுத்துத் தருகிறது. மேலே கண்ணாடிக் குமிழுக்குள் வாசகர்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹன்ட் நூலகத்திலும் 2013 முதல் இதே ஏற்பாடு. சாதாரண அடுக்குக்குத் தேவையான இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போதுமாம். மிச்சமான இடம் மாணவர்கள் உட்காருவதற்கு.

இழப்பது என்ன? தேடிப்போன புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகம். நான் படித்ததில் பாதி அப்படிக் கைக்கு வந்ததுதான். அதனால் அடிக்கடி எடுக்கப்படும் நூல்கள் திறந்த அடுக்கில், பத்து வருடமாக யாரும் தொடாதவை நெருக்கடுக்கில் என்று பிரிப்பதுதான் என் வழக்கம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதிவிட்டார். வளர்வது இன்று புத்தகமாக இருக்கலாம், நாளை வேறு ஏதாவது. சுவர்களைக் குறைவாகப் போடுங்கள், தளத்தை வலுவாகப் போடுங்கள், ரேக் இருக்கும் இடத்தில் என்றைக்காவது மேசை வரட்டும்.

பழைய இதழ்களையெல்லாம் பேஸ்மென்ட்டில் வைக்கலாமா? இடம் அங்கேதான் இருக்கிறது.

1997 ஜூலையில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் நனைந்தன. வைத்தே ஆக வேண்டுமென்றால் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், தண்ணீரை வெளியே இறைக்கும் மோட்டார் இரண்டாகப் போடுங்கள். தண்ணீர் மேலிருந்தும் வரும்: அடுக்குக்கு நேர் மேலே கழிப்பறையோ ஏசி வடிகாலோ வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். விடுமுறையில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏசியை அடியோடு நிறுத்துபவர்கள் திரும்பி வந்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் வைத்தால் புத்தகம் நனைந்துவிடாதா?

நனைந்ததை உறையவைத்து உலர்த்தி மீட்கலாம். எரிந்ததை மீட்க முடியாது. சினிமாவில் காட்டுவதுபோல எல்லாத் தெளிப்பானும் ஒரேயடியாகக் கொட்டாது. சூடு பட்டது மட்டும்தான் திறக்கும். வையுங்கள்.

நான் நூலகர். வாசல் எத்தனை வைக்கலாம் என்று கட்டடக் கலைஞர் கேட்கிறார். மூன்று பக்கமும் வழி இருந்தால் நல்லது என்கிறார்.

மேடம், ஒன்று. இரண்டாவது வாசல் வைத்தால் அதற்கும் கேட், அதற்கும் ஆள், இரண்டு ஷிஃப்ட். தீப்பாதைக் கதவுகள் தனி, அவை திறந்தால் அலாரம் அடிக்கட்டும். தேர்வுக் காலத்தில் இரவு முழுக்கத் திறக்கும் அறை வேண்டுமென்றால் அதை வாசலுக்குப் பக்கத்தில், கழிப்பறையோடு சேர்த்து, மற்ற கட்டடத்தைப் பூட்டிவிட முடிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் உங்கள் கவுன்டரில் விரலை வைத்து, அங்கிருந்து படிக்கட்டும் வாசலும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ராம்ப் போட்டாயிற்று. வேறு?

உள்ளே வந்த பிறகு அவர் புத்தகத்தை எடுக்க வேண்டாமா? ரேக்குகளுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ., வரிசை முடியும் இடத்தில் திரும்ப ஒன்றரை மீட்டர். கவுன்டரில் ஒரு பகுதியைத் தாழ்வாக வையுங்கள். ராம்ப் பின்வாசலில் இருந்தால் அதைப் போட்டதாகவே நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

பிளக் பாயின்ட், வைஃபை?

இருக்கைக்கு ஒரு பிளக், மேசை மேலேயே. தரையில் வைத்தால் தூசியும் தண்ணீரும். வைஃபை அளவைக் காலி ஹாலில் பார்க்காதீர்கள், இரும்பு ரேக்கும் புத்தகமும் சிக்னலை விழுங்கும்.

பட்ஜெட் இடிக்கிறது சார். முகப்பைத் தொட முடியாது, டெண்டர் முடிந்துவிட்டது. நாற்காலியில் கொஞ்சம் குறைக்கலாம் என்கிறார்கள்.

முகப்பு விளக்கில் குறையுங்கள், வரவேற்பறைச் சோபாவில் குறையுங்கள். நாற்காலியில் மட்டும் வேண்டாம். மூன்று மாதிரி வரவழைத்து, ஒவ்வொன்றிலும் கமிட்டி உறுப்பினர் ஒருவரை இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள், கையில் புத்தகத்தோடு. பிறகு அதை நீங்கள் போடப்போகும் அதே டைல்ஸ் மேல் சர்ரென்று பின்னால் இழுங்கள். அந்தக் கீச்சுச் சத்தம் ஐந்நூறு நாற்காலிக்கு, ஒரு நாளைக்குப் பல முறை. கால் நுனிக்கு ஃபெல்ட் (கம்பளித்துணி) மூடி மாட்டினால் பாதி அடங்கும், வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் பராமரிப்புக் கணக்கில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.